போட்டால் எடுக்கவும் வேண்டும்

சகோதரிகளே! சென்ற இதழில் ஊறுகாய் ஜாடியில் பூஞ்சணம் பூக்காமல் காப்பது எப்படி என்று எழுதியிருந்தேன். இந்த முறை அடுப்பங்கரையை விட்டுக் கொஞ்சம் கூடத்துக்கு வாருங்கள். டெலிபோன் ஸ்டூலுக்குப் பின்னால் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி மினுக் மினுக்கென்று கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறதே, அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. "அதெல்லாம் ஆம்பிளைங்க சமாசாரம், நமக்கெதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். நானும் அப்படி நினைத்தவள்தான். அந்த அலட்சியத்தால் என் மாமியார் ஐந்து நாள் சரியாகச் சோறு தின்னாமல் கிடந்தார். சொந்தக் கதைதான், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

எங்கள் ஊர் ஆர்.கே.பேட்டை. ராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்ற முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை. திருத்தணிப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது. தெருவுக்குத் தெரு விசைத்தறி. காலையிலிருந்து 'சடக் சடக்'கென்று ஓடும் தறிச் சத்தம்தான் எங்களுக்குக் கடிகாரம். கரண்ட் போய்ச் சத்தம் நின்றால்தான் தொட்டிலில் தூங்கும் குழந்தைகூட விழித்துக்கொள்ளும்!

வீட்டில் ஆளுக்கொரு செல்போன் இருக்கிறது. ஆனால் என் மாமியாருக்கு எண்பதைத் தாண்டிய வயது. கண்ணாடி மாதிரி இருக்கும் போனைத் தடவிப் பேச அவருக்குக் கை வராது. "கையில புடிச்சா புடிச்ச மாதிரி இருக்கணும், காதுல வச்சா வச்ச மாதிரி இருக்கணும்" என்பார். அவருக்காகத்தான் பழைய டெலிபோனை விடாமல் வைத்திருக்கிறோம். பழைய செம்புக் கம்பி லைன் போய் இன்டர்நெட் லைன் வந்ததும், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் தம்பிதான் இந்தச் சின்னப் பெட்டியை வாங்கிக் கொண்டுவந்து பொருத்தினான். அடாப்டர் என்று பெயர். ஒரு பக்கம் நம் பழைய டெலிபோன் ஒயர், இன்னொரு பக்கம் வைஃபை பெட்டியிலிருந்து வரும் ஒயர், கூடவே கரண்டுக்கு ஒரு பிளக். நாம் பேசுகிற பேச்சைப் பொடிப்பொடியாக நறுக்கி, எண்களாக்கி இன்டர்நெட் வழியே அனுப்புகிறது. அங்கிருந்து வருவதைச் சேர்த்துக் குரலாக்கி நம் காதில் விடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

தம்பி பொருத்திவிட்டு, "அக்கா, இதுல நெறைய வசதி இருக்கு. வர்ற காலை வேற நம்பருக்குத் திருப்பி விடலாம், மூணு பேர் சேர்ந்து பேசலாம்..." என்று ஆரம்பித்தான். நான் குழம்பைத் தாளித்துக்கொண்டே, "சரிடா, திருப்பி விடறது மட்டும் சொல்லு, போதும்" என்றேன். ஒரு காகிதத்தில் '*72' என்று எழுதிக் கொடுத்தான். அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதியிருந்தான். அதை நான் படிக்கவேயில்லை. வினை அங்கேதான் ஆரம்பம்.

போன வருஷம் ஆடிக் கிருத்திகை சமயத்தில் பேரனுக்கு மொட்டை அடித்துக் காது குத்தத் திருத்தணிக்குப் போனோம். குடும்பமே கிளம்பியது. உறவில் வயசானவர்கள் பலருக்கு எங்கள் வீட்டு நம்பர் ஒன்றுதான் மனப்பாடம். "எந்தச் சத்திரம்? எத்தனை மணிக்கு?" என்று வீட்டுக்குத்தான் போன் செய்வார்கள். அதனால் *72 போட்டு, வீட்டுக்கு வரும் கால்கள் எல்லாம் என் பழைய பட்டன் செல்லுக்கு வரும்படி திருப்பிவிட்டேன். அது சார்ஜ் நாலு நாள் நிற்கும் பாருங்கள், அதனால் அதை எடுத்துப் போனேன். வேலையும் அழகாக நடந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

விசேஷ வீட்டில் ஒரு சின்ன மனத்தாங்கல். சோளிங்கரிலிருந்து வந்த என் நாத்தனார் கொண்டுவந்த வரிசைத் தட்டை, கூட்டத்தில் யாரோ ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டார்கள். "நான் கொண்டாந்தது மட்டும் கண்ணுக்குத் தெரியலை போல" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். "விடுங்க அண்ணி, கூட்டத்துல கவனிக்கலை" என்று பஸ் ஏறும்வரை சமாதானம் சொன்னேன். சிரித்த மாதிரியும் இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது.

ஊர் திரும்பினோம். பட்டன் செல்லில் சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது. பீரோ அறைக்குள் போட்டுவிட்டு, இரண்டு நாள் அழுக்குத் துணியில் மூழ்கிப் போனேன்.

நாத்தனார் தினம் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மாவோடு பேசுவது வழக்கம். முதல் நாள் போன் வரவில்லை. "களைப்பா இருப்பா" என்றார் மாமியார். இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் ஸ்டூலை விட்டு அவர் நகரவேயில்லை. தறிச் சத்தத்தில் மணி கேட்காமல் போய்விடப் போகிறது என்று, அந்த நேரத்துக்குத் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தச் சொன்னார். "என்னாம்மா இது, போனு மூச்சே விடல?" என்று கேட்டார். நான் ரிசீவரை எடுத்துப் பார்த்தேன். 'ங்ங்ங்' என்று டோன் வந்தது. என் செல்லுக்கு ஒரு கால் போட்டுப் பார்த்தேன், ஒழுங்காகப் போயிற்று. "போன் நல்லாத்தான் இருக்கு அத்தே. நாமே பேசிடலாமா?" என்றேன்.

"வேணாம். கோவத்துல இருக்கறவ கிட்ட நாமா போய்ப் பேசினா, இன்னும் ஏறிக்குவா. அவளே பண்ணட்டும்" என்றார். சொல்லிவிட்டு ராத்திரி சாப்பாட்டை ஒதுக்கினார். மறுநாள் பிரஷர் மாத்திரையும் அப்படியே இருந்தது. வெறும் வயிற்றில் எப்படி மாத்திரை போடுவது என்று விட்டுவிட்டாராம். தாய்க்கும் மகளுக்கும் இடையில் நான் எதற்கு என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் பொழுது சாய்கிற நேரம், நாத்தனாரின் மகன் வண்டியில் வந்து இறங்கினான். செருப்பைக் கழற்றாமலே, "பாட்டி, ஏன் போனை ஆஃப் பண்ணி வச்சுட்டீங்க?" என்றான். எல்லோரும் விழித்தோம். "தினம் அம்மா போன் பண்றாங்க. 'சுவிட்ச் ஆஃப்'னே வருது. தட்டு விஷயமா மாமா வீட்டுல கோவம், அதான் போனையே அணைச்சுட்டாங்கன்னு அழுதுக்கினு இருக்காங்க. மாமா செல்லுக்குப் பண்றேன்னாலும் கூடாதுன்னுட்டாங்க. நாளைக்குக் காலையில அம்மாவுக்கு ஆபரேஷன். பித்தப்பைல கல்லு."

மாமியார் எழுந்து நின்றது நினைவிருக்கிறது. அப்புறம் அவரைப் பிடித்து உட்கார வைத்ததும் நினைவிருக்கிறது.

எங்க வீட்டுக்காரர் தன் செல்லிலேயே நாத்தனாரைக் கூப்பிட்டு மாமியார் காதில் வைத்தார். இரண்டு பேரும் முதலில் பேசவேயில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாமியார், "சாப்ட்டியாடி?" என்றார். ராத்திரியிலிருந்து பட்டினி இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று அந்தப் பக்கம் பதில் வந்தது. "நானும் சாப்பிடலடி" என்றார் இவர். மறுநாள் விடிவதற்குள் நாங்கள் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம். ஸ்ட்ரெச்சரில் தள்ளிப் போகும்போது நாத்தனார் தன் அம்மாவின் கையைப் பிடித்தபடிதான் போனார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது நன்றாக இருக்கிறார்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தப் பையன் ஒரு நாள் தாமதித்து வந்திருந்தால்?

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து தம்பிக்குப் போன் செய்து புலம்பினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அக்கா, திருத்தணியிலேருந்து வந்ததும் *73 போட்டியா?"

காகிதத்தில் நான் படிக்காத இரண்டாவது வரி அதுதான். *72 போட்டுத் திருப்பிவிட்டால் *73 போட்டு எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால், நாம் வீட்டுக்கு வந்துவிட்டது அந்தப் பெட்டிக்கு எப்படித் தெரியும்? வந்த கால்களை எல்லாம் பீரோவில் அணைந்து கிடந்த செல்லுக்கே அது விசுவாசமாக அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், திருப்பிவிட்டிருக்கும்போதும் டோன் வரும், நாம் வெளியே பேசலாம். உள்ளே வருவது மட்டும்தான் வராது. அதனால்தான் நான் சோதித்தபோது எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றியது. போன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, வெளியிலிருந்து உள்ளே கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் செல்லிலிருந்து வீட்டு நம்பரை அடித்திருந்தால் முதல் நாளே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

அன்றைக்குத் தீர்மானித்தேன்: நம் வீட்டில் மணி அடிக்கிற சாமானை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பியை உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டேன். கேட்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னச் சரித்திரம். இந்த வசதிகள் நேற்று வந்தவை அல்ல. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்துச் சக்கசன்னா என்ற ஊரில் 1965-இல் வந்த மின்னணு டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலேயே, காலைத் திருப்பி விடுவதும் மூன்று பேர் சேர்ந்து பேசுவதும் இருந்தன. பொத்தான் போன் 1963-இல் வந்தபோது பத்து எண்கள்தான் இருந்தன. நட்சத்திரமும் (*), கட்டம் போட்ட குறியும் (#) 1968-இல் சேர்ந்தன. அன்றைக்கு எக்ஸ்சேஞ்சில் இருந்த வேலையைத்தான் இன்றைக்கு நம் ஸ்டூலுக்குப் பின்னால் இருக்கும் பெட்டி செய்கிறது. ஆகவே எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர் இப்போது நாம்தான்!

எங்கள் வீட்டில் இருப்பது கிராண்ட்ஸ்ட்ரீம் வகை அடாப்டர். கீழே சொல்லும் எண்கள் அதற்குரியவை. மற்றக் கம்பெனிப் பெட்டிகளில் சிலது ஒத்துப் போகும், சிலது மாறும். ஆகவே உங்கள் பெட்டியின் புத்தகத்தைப் பார்த்தோ, லைன் கொடுத்தவர்களைக் கேட்டோ உறுதி செய்துகொள்ளுங்கள்.

எல்லா காலையும் திருப்ப: ரிசீவரை எடுத்து *72, பிறகு நம்பர், கடைசியில் #. டோன் வந்ததும் வைத்துவிடலாம். ரத்து செய்ய *73. ஊருக்குப் போகும்போது மட்டும் இது போதும்.

எடுக்காவிட்டால் மட்டும் திருப்ப: *92, நம்பர், #. ரத்து செய்ய *93. இதுதான் என்னைப் போன்ற மறதிக்காரிகளுக்கு ஏற்றது. முதலில் வீட்டில் மணி அடிக்கும். சுமார் 20 விநாடி யாரும் எடுக்காவிட்டால்தான் செல்லுக்குப் போகும். வயசானவர் எழுந்து வர நேரம் பிடிக்கும் என்றால் அந்த 20 விநாடியைக் கூட்டிக்கொள்ளலாம். அன்றைக்கு *72-க்குப் பதில் *92 போட்டிருந்தால், மறந்துபோனாலும் மாமியார் காதில் மணி விழுந்திருக்கும்.

பேசிக்கொண்டிருக்கும்போது வருவதை மட்டும் திருப்ப: *90, நம்பர், #. ரத்து செய்ய *91.

செல்லுக்குத் திருப்பும்போது ஒரு விஷயம். 2021 ஜனவரி 15 முதல் நம் நாட்டில் வீட்டு லைனிலிருந்து செல்லைக் கூப்பிட முன்னால் ஒரு சைபர் சேர்க்க வேண்டும் அல்லவா? முதலில் அந்த நம்பரைச் சாதாரணமாக அடித்து, எப்படி அடித்தால் போகிறது என்று பாருங்கள். அதே மாதிரி *72-க்குப் பின்னாலும் போடுங்கள்.

தொந்தரவு வேண்டாம் என்றால்: *78 போட்டால் மணியே அடிக்காது, *79 போட்டால் மறுபடி அடிக்கும். கைக்குழந்தைக்காரிகளுக்கு இது பெரிய வரப்பிரசாதம். ராத்திரி முழுக்க விழித்துப் பால் கொடுத்துவிட்டு, மத்தியானம் குழந்தையோடு ஒரு மணி நேரம் கண்ணயரும்போதுதான் யாராவது கூப்பிடுவார்கள். தாய்க்கும் தூக்கம் வேண்டும், அது மருந்து மாதிரி. ஆனால் எழுந்ததும் முகம் கழுவுகிற கையோடு *79 போட்டுவிடுங்கள். வீட்டில் நோயாளியோ, நிறைமாதப் பெண்ணோ வெளியூரில் இருந்தால் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

பேசும்போது அடுத்த கால்: இடையில் 'பீப்' என்று கேட்டால் இன்னொருவர் காத்திருக்கிறார் என்று அர்த்தம். போனில் ஃபிளாஷ் என்ற பொத்தானை அழுத்தினால் முதலாமவர் காத்திருப்பார், புதியவரோடு பேசலாம். மறுபடி அழுத்தினால் பழையவர் வருவார். இந்த பீப் வேண்டாம் என்றால் *50, வேண்டும் என்றால் *51. லிங்க்சிஸ் வகைப் பெட்டிகளில் இது *57, *56 என்று இருக்கும்.

மூன்று பேர் சேர்ந்து பேச: ஒருவரோடு பேசும்போது ஃபிளாஷ் அழுத்தி, *23, மூன்றாமவர் நம்பர், # போட வேண்டும். அவர் எடுத்ததும் மறுபடி ஃபிளாஷ். இப்போது எங்கள் வீட்டில் மாமியார், நாத்தனார், பெங்களூரில் இருக்கும் என் மகள் மூவரும் இப்படித்தான் வெள்ளிக்கிழமை தோறும் கூடுகிறார்கள்.

தவறிப்போன காலுக்குத் திரும்பப் பேச: *69. கடைசியாக வந்தவருக்கே போகும். நம்பர் தெரியும் போனாக இருந்தால் முதலில் தெரிந்தவரா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

இவை போனிலேயே போடக்கூடியவை. இன்னும் சில, கம்ப்யூட்டரிலோ செல்லிலோ பெட்டியின் சொந்தப் பக்கத்தைத் திறந்து செய்ய வேண்டியவை. ரிசீவரை எடுத்து மூன்று முறை நட்சத்திரம் அழுத்தி 02 போட்டால், அந்தப் பக்கத்தின் விலாசத்தைப் பெட்டியே ஆங்கிலத்தில் வாயால் சொல்லும். இதற்குப் பிள்ளைகளையோ தம்பியையோ துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு விஷயம் மட்டும் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

ஒன்று, எடுத்தால் தானே கூப்பிடும் வசதி. ரிசீவரை எடுத்து ஒன்றும் அழுத்தாமல் சில விநாடி காத்தால், பெட்டி தானாகவே நாம் சொல்லி வைத்த நம்பரைக் கூப்பிடும். கண் தெரியாத, கை நடுங்குகிற பெரியவர்களுக்கு இதைவிட நல்ல உதவி கிடையாது. எங்கள் வீட்டில் ஆறு விநாடி வைத்திருக்கிறோம். மாமியார் ரிசீவரை எடுத்து ஆறு எண்ணினால் என் செல் அடிக்கும். நேரம் வைக்காமல் உடனே கூப்பிடும்படி விட்டுவிடாதீர்கள். அப்புறம் 108 அடிக்கக்கூட இடம் இருக்காது.

இரண்டு, ஆளுக்குத் தக்க மணி. குறிப்பிட்ட சில நம்பர்களுக்கு மட்டும் வேறு விதமாக மணி அடிக்கச் செய்யலாம். நாத்தனார் நம்பருக்கு விட்டு விட்டு அடிக்கும்படி வைத்திருக்கிறோம். தறி ஓடும்போதுகூட மாமியாருக்கு அது தெரிந்துவிடுகிறது.

கூடவே, அந்தப் பக்கத்துக்குள் நுழையும் பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லுங்கள். பல பெட்டிகளில் அது தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 'அட்மின்' என்று இருக்கும். ஊரறிந்த சாவியைப் பூட்டில் தொங்க விட்ட மாதிரி அது. உள்ளே நுழைந்தவன் நம் செலவில் வெளிநாட்டுக்கெல்லாம் பேசுவான்.

இன்னொரு முக்கியமான விஷயம். திருப்பி விடுவதை இரண்டு இடத்தில் செய்ய முடியும்: நம் பெட்டியிலும் செய்யலாம், லைன் கொடுக்கும் கம்பெனியின் எந்திரத்திலும் செய்யலாம். ஒன்றில் போட்டதை இன்னொன்றில் எடுக்க முடியாது. *73 போட்டும் மணி அடிக்கவில்லை என்றால், கம்பெனிக்குப் போன் செய்து "உங்கள் பக்கம் திருப்பியிருக்கிறதா?" என்று கேளுங்கள்.

நான் செய்தது மறதி. இதையே வேண்டுமென்றே செய்கிற திருடர்கள் இருக்கிறார்கள், சகோதரிகளே. "கம்பெனியிலிருந்து பேசுகிறோம், உங்கள் சிம் கார்டில் கோளாறு, இந்த நம்பரை அடியுங்கள்" என்பார்கள். செல்லில் *401* என்றோ *21* என்றோ ஆரம்பித்து ஒரு நம்பரை அடிக்கச் சொல்வார்கள். அடித்த மாத்திரத்தில் நமக்கு வரும் கால்கள் எல்லாம் அவனுக்குப் போகும். பாங்கிலிருந்து ரகசிய எண்ணைக் குரலில் சொல்லும் கால்கூட அவன் காதில்தான் விழும். நம் செல் மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி கையில் இருக்கும். எங்கள் வீட்டு போன் ஐந்து நாள் இருந்ததே, அதே மாதிரி! இந்த மோசடி பெருகியதால்தான் 2024 ஏப்ரல் 15 முதல், செல்லில் இப்படி நட்சத்திர எண் போட்டுத் திருப்பும் வசதியை மறு உத்தரவு வரும்வரை நிறுத்தும்படி மத்திய தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்குச் சொன்னது. என்றாலும் நம் எச்சரிக்கை நம்மிடம் இருக்க வேண்டும். நாமாகத் தேடிப் போடாத எந்த நட்சத்திர எண்ணையும், யார் சொன்னாலும் அடிக்கக் கூடாது. செல்லில் போன் செட்டிங்ஸுக்குள் 'கால் ஃபார்வர்டிங்' என்று இருக்கும். மாதம் ஒரு முறை திறந்து, தெரியாத நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு மீட்க வழி உண்டு.

கடைசியாகக் கரண்ட் சமாசாரம். அந்தக் காலத்துச் செம்புக் கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வரும். ஊரே இருட்டாக இருந்தாலும் போன் பேசும். இந்த அடாப்டரோ, கரண்ட் போனால் வாயை மூடிக்கொள்ளும். வைஃபை பெட்டி அணைந்தாலும் அப்படித்தான். வீட்டில் இதய நோயாளியோ, பிரசவத்துக்கு வந்த மகளோ இருந்தால், இந்த இரண்டு பெட்டிக்கும் சேர்த்துச் சின்னதாக ஒரு யு.பி.எஸ். வாங்கி வையுங்கள். அதுவும் இல்லையென்றால், சார்ஜ் ஏற்றிய செல் ஒன்று எப்போதும் அதே ஸ்டூலில் இருக்கட்டும். பீரோவுக்குள் அல்ல!

எங்கள் வீட்டு ஸ்டூலுக்கு மேலே சுவரில் இப்போது ஒரு அட்டை தொங்குகிறது. இடது பக்கம் 'போட', வலது பக்கம் 'எடுக்க' என்று இரண்டு வரிசை. கீழே 108, 112, பெண்களுக்கான 181. அட்டையோடு நூலில் ஒரு பென்சில் கட்டியிருக்கிறேன். திருப்பி விட்டால் தேதியைக் குறிக்க வேண்டும். எடுத்தால் அடிக்க வேண்டும். பால் கணக்கு எழுதுவதில்லையா, அது மாதிரி. நீங்களும் இன்றைக்கே ஒரு பழைய காலண்டர் அட்டையை வெட்டி எழுதி மாட்டிவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை. அப்படியே செல்லை எடுத்து உங்கள் வீட்டு நம்பரை ஒரு முறை கூப்பிட்டும் பாருங்கள்.

நேற்று விளக்கு வைக்கிற நேரம். விட்டு விட்டு மணி அடித்தது. நான் எடுக்கக் கை நீட்டினேன். "நீ போய் அடுப்பைப் பாரு, இது எனக்கு" என்று மாமியார் ரிசீவரை எடுத்துக்கொண்டார். போன் முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. பேச்சு முழுக்க, திருத்தணியில் வரிசைத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தது யார் என்பதைப் பற்றித்தான்!

உங்கள் வீட்டு போன் உங்களை இப்படி ஏமாற்றிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள். அடுத்த இதழில் மழைக்கால இருமலுக்குக் கைவைத்தியத்தோடு சந்திக்கிறேன்.